கன்றைக் கொன்றது நாயாக இருந்தால்?

தேர்வுத்தாள் திருத்தும் வேலையில் பல வாரங்களாக எதுவும் எழுத இயலவில்லை. இன்று எழுத வைத்தது ஒரு மாணவனின் கேள்வி.

தொடக்கநிலை 5 வகுப்பில் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்றோர் அனைவரும் அறிந்த கதைதான். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் சிக்கிக் கன்று ஒன்று இறக்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இடத் துணிகிறான். வகுப்பு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது கடைசி வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஆசிரியை, இளவரசனுடைய தேர் ஏறவில்லை, அவன் வளர்த்த நாய் கடித்துக் கன்று செத்துவிட்டது என்றால் அரசர் யாரைத் தண்டிப்பார்?"

உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "நாயைத்தான்!" என்றனர் சிலர். "நாய்க்கு என்ன தெரியும்? வளர்த்தவரைத்தான்!" என்றனர் வேறு சிலர். "இளவரசனுக்கும் தெரியாதே, அவன் அரண்மனையில் தூங்கிக்கொண்டிருந்தானே" என்று ஒரு மாணவி வாதாடினாள். இவற்றுக்கிடையே முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள்: "யாரைத் தண்டித்தாலும் பசுவுக்கு என்ன கிடைக்கும், ஆசிரியை?"

மணி அடித்துவிட்டது. (பள்ளி மணி, ஆராய்ச்சி மணி அன்று.) அடுத்த வகுப்பில் விடை சொல்வதாக வாக்களித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒரு வாரம் நூலகமும் வீடுமாக அலைந்ததில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அண்டை வீட்டாரின் நாய் நம் ஆட்டையோ கோழியையோ கொன்றுவிட்டால் அதற்கு ஈடு யார் தருவது? கேட்பதற்குச் சிறிய வழக்காகத் தோன்றும். ஆனால் மனிதன் சட்டம் எழுதத் தொடங்கிய காலத்திலேயே இத்தகைய வழக்குகள் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஈராக்கில், பாக்தாத் நகருக்கு அருகே தெல் ஹர்மல் என்னும் மேட்டில், 1940களில் களிமண் ஏடுகள் கிடைத்தன. எஷ்னுன்னா என்னும் பழைய அரசின் சட்டங்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. ஏறக்குறைய 3,800 ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் நாய்க்கென்றே ஒரு விதி உண்டு. ஒருவனுடைய நாய் கடிக்கும் குணமுள்ளது என்று ஊர் அதிகாரிகள் அவனிடம் எச்சரித்திருக்க வேண்டும். எச்சரித்த பின்னும் அவன் அதைக் கட்டிவைக்கவில்லை. அந்நாய் ஒரு மனிதனைக் கடித்துக் கொன்றுவிட்டது. அப்படியானால் அவன் 40 ஷெக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். (இங்கே வெள்ளி என்பது நம் சிங்கப்பூர் வெள்ளி இல்லை, உலோகம்!)

அவ்விதியில் என் கண்ணில் பட்டது தண்டத் தொகை அன்று. "எச்சரித்த பின்னும்" என்னும் நிபந்தனைதான். நாய் கடித்தது என்பதனால் மட்டுமே பொறுப்பு வந்துவிடவில்லை. அது கடிக்கும் என்று உரிமையாளனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விவிலியத்தின் யாத்திராகமத்திலும் இதே எண்ணம் மாட்டை வைத்துச் சொல்லப்படுகிறது. ஒருவனுடைய மாடு அயலானுடைய மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடு இருக்கும் மாட்டை விற்று அந்தப் பணத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். செத்த மாட்டையும் பங்கிட வேண்டும். அதாவது நட்டம் இருவருக்கும் பாதி பாதி. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே தெரிந்திருந்தும் உரிமையாளன் காவாமல் விட்டிருந்தால், மாட்டுக்கு மாடு முழுமையாகக் கொடுக்க வேண்டும். தெரியாதவனுக்குப் பாதி, தெரிந்தவனுக்கு முழுமை. இவ்வளவு எளிய கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கிரேக்க நாட்டில் சோலோன் இயற்றிய சட்டம் ஒன்றைப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். கடித்த நாயின் கழுத்தில் 3 முழ நீளக் கட்டையைக் கட்டி, கடிபட்டவனிடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம். நம் ஊர்களில் அடங்காமல் ஓடும் மாட்டின் கழுத்தில் கட்டை தொங்கவிடுவார்களே, அது நினைவுக்கு வந்தது.

இனி நம் பக்கம் வருவோம். மனுநீதிச் சோழனின் பெயரில் மனு இருப்பதால் மனுஸ்மிருதியில் தேடிப் பார்த்தேன். 8ஆம் அத்தியாயத்தில், மேய்ப்பனுக்கும் மாட்டின் உரிமையாளனுக்கும் இடையே எழும் வழக்குகளைப் பற்றிய பகுதியில், நாய் வருகிறது. மேய்ப்பனின் பொறுப்பில் உள்ள விலங்கு காணாமற்போனாலோ, புழு அரித்து மடிந்தாலோ, நாய்களால் கொல்லப்பட்டாலோ, மேடு பள்ளத்தில் விழுந்து இறந்தாலோ, அவன் உரிய முயற்சி எடுத்துக் காக்கத் தவறியிருந்தால் அவனே ஈடு தர வேண்டும் என்கிறது அந்நூல். ஆக, இவ்விதியில் கேள்வி நாயை வளர்த்தவனை நோக்கித் திரும்பவில்லை. நாய் என்பது புழுவைப் போல, பள்ளத்தைப் போல எப்போதும் இருக்கும் ஓர் ஆபத்து. நீ ஏன் காக்கவில்லை என்றே கேட்கப்படுகிறது. கூலிக்கு மேய்த்த ஏழையின் தலையில்தான் ஈடு விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் நாய் கொன்ற ஆட்டுக்கு ஈடு கொடுத்த செய்தி என் தேடலில் அகப்படவில்லை. ஆனால் ஈட்டின் தமிழ் வடிவம் எது என்பது தெளிவாகத் தெரிகிறது. சோழர் காலத்தில் வேட்டைக்குச் சென்றவன் விலங்கை நோக்கி விட்ட அம்பு தவறி மனிதன்மேல் பட்டு அவன் இறந்த நிகழ்ச்சிகள் உண்டு. ஊரும் நாடும் கூடி ஆராய்ந்து, வேண்டுமென்று செய்ததன்று என்று கண்டால், கொன்றவனைக் கொல்லாமல் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்கச் சொல்வார்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய வழக்கமாக 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாகும், ஈனும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மனுநீதிச் சோழன் கதையில் உயிருக்கு உயிர். கல்வெட்டில் உயிருக்கு விளக்கு. இறந்தவனின் வீட்டாருக்கு அந்த நெய்யால் என்ன பயன் என்று அந்த முதல் வரிசைச் சிறுமி நிச்சயம் கேட்பாள்.

நாயைத் தமிழர் குற்றவாளியாக மட்டும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாம். 7ஆம் நூற்றாண்டு நாயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது!

எருமை என்றதும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்குச் சிராங்கூன் சாலை நினைவுக்கு வர வேண்டும். தேக்கா சந்தையையும் சிராங்கூன் சாலையையும் சுற்றியுள்ள தெருப்பெயர்களைப் பாருங்கள். பஃபலோ சாலை; கெர்பாவ் சாலை (மலாய் மொழியில் எருமை); சற்றுத் தள்ளி லெம்பு சாலை (மாடு). மகப்பேற்று மருத்துவமனைக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர் வந்ததும் எருமைப் பட்டியால்தான். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் நீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்தன. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் அங்கே வேரூன்றியது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் அத்தொழிலில் பெரும் பொருள் ஈட்டினார். அவர் பெயரிலும் ஒரு சாலை உண்டு. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வந்தவர்களில் நம்மவர் பலர். பொங்கல் காலத்தில் கேம்பல் லேன் பக்கம் கட்டிவைக்கும் மாடுகளைப் பார்க்க நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த மாடுகளுக்கு வழி விட்டுத்தான் மனிதர்கள் அங்கே நடந்தார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்து நாய்க் கதையும் ஒன்று இருக்கிறது. முன்ஷி அப்துல்லா தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டான ஃபார்குவார் ஆற்றோரம் நடந்து செல்கையில் அவருடைய நாயை முதலை பிடித்துவிட்டது. அவர் ஆற்றை அடைக்கச் செய்து, முதலையைக் குத்திக் கொல்லச் செய்து, அதன் உடலைப் பிராஸ் பாசா ஆற்றங்கரை மரத்தில் தொங்கவிட்டாராம். நாய்க்கு முதலை ஈடு! ரெசிடெண்டுக்கு அது இயலும். பால்காரருடைய கன்றை யாரோ ஒருவரின் நாய் கடித்தால் அவர் எந்த ஆற்றை அடைப்பார்?

அவர் நீதிமன்றம் போகலாம். 1826ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின் வழியாக ஆங்கிலப் பொதுச் சட்டம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. என் மாடு உங்கள் தோட்டத்துக்குள் புகுந்து கீரையைத் தின்றால் நான் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. என் நாய் உங்கள் கொல்லைக்குள் புகுந்து ஆட்டைக் கொன்றாலோ கதை வேறு. நாய் இயல்பாகச் சாதுவான விலங்கு என்பது சட்டத்தின் நினைப்பு. அதற்கு அத்தகைய தீய பழக்கம் இருந்தது, அது உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்னும் இரண்டையும் ஆட்டை இழந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம் என்று கேலியாகச் சொல்லும் அளவுக்கு இவ்விதி பெயர் பெற்றது. எஷ்னுன்னாவின் களிமண் ஏடு அப்படியே இலண்டனுக்கு வந்துவிட்டது போல இருக்கிறது அல்லவா?

சற்று எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தெரியும் என்பதை நான் எப்படி நிரூபிப்பது? அவருடைய வேலையாள் வந்து சாட்சி சொல்வாரா? கீரையின் விலை உடனே கிடைத்துவிடும்; ஆட்டின் விலைக்கு அண்டை வீட்டாரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஆட்டு மந்தைக்காரர்கள் இதைப் பொறுக்கவில்லை. 1865இல் நாடாளுமன்றம் நாய்கள் சட்டத்தை இயற்றியது. மாட்டையோ செம்மறியாட்டையோ நாய் கொன்றால் உரிமையாளர் ஈடு தர வேண்டும். நாயின் முன்னைய குணத்தையோ அவருக்கு அது தெரிந்திருந்ததையோ நிரூபிக்கத் தேவையில்லை. 1906இல் வந்த சட்டம் வெள்ளாடு, பன்றி, கழுதை ஆகியவற்றையும் இந்தப் பாதுகாப்புக்குள் சேர்த்தது. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தில் கோழி, வாத்து வரை இடம்பெற்றுவிட்டன. வளர்ப்பவனே அறிந்திருக்க வேண்டும், அறியாமை அவனுடைய நட்டம் என்று சட்டம் ஒருவழியாகத் திரும்பியது. நாயால் மனிதன் கடிபட்டால் மட்டும், நாயின் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்று நிரூபிக்கும் சுமை 1971ஆம் ஆண்டின் சட்டத்திலும் பெரும்பாலும் தொடர்ந்தது. ஆட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு நூறாண்டுக்கு மேல் ஆகியும் ஆளுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மந்தைக்காரர்களின் குரல் நாடாளுமன்றத்தில் ஓங்கி ஒலித்திருக்க வேண்டும்.

சரி, நாய்க்கு உரிமையாளரே இல்லை என்றால்?

இந்தக் கேள்விக்கு விடை தேட 2025இன் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும். திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் கொறங்காடு என்றொரு மேய்ச்சல் முறை உண்டு. கிளுவை வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரவிட்டு, செம்மறியாடுகளை அதற்குள் விட்டுவிடுவார்கள். மழை குறைந்த அந்த மண்ணுக்கு ஏற்ற அருமையான முறை. ஆடுகளோடு மேய்ப்பர் இரவெல்லாம் நிற்பதில்லை, வேலிதான் காவல். அந்த வேலிக்குள் தெருநாய்க் கூட்டம் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டது. ஒரு நாளோடு நிற்கவில்லை, ஓர் ஊரோடும் நிற்கவில்லை. விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்திப் போராடினார்கள். நாயை வளர்த்தவர் யாருமில்லை. ஆகவே அரசிடம் ஈடு கேட்டார்கள்.

அரசும் தர இசைந்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். இத்தொகைகளைப் பார்த்ததும் எங்கோ படித்த நினைவு. புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களில் இறக்கும் கால்நடைகளுக்குப் பேரிடர் நிதியிலிருந்து தரப்படும் அதே அளவுதான்! நாய் கொன்ற ஆடும் வெள்ளத்தில் போன ஆடும் ஒரே கணக்கு. சந்தை விலைக்கு இது மிகக் குறைவு என்று விவசாயிகள் குறைப்பட்டார்கள். எனக்குத் தோன்றிய குறை வேறு. புயல் வருவதை யாராலும் தடுக்க இயலாது. இறைச்சிக் கழிவைச் சாலையோரம் கொட்டினால் நாய்கள் கூட்டமாகப் பெருகும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

எங்கள் குடும்பத்து வழக்கு ஒன்றும் உண்டு. என் தந்தை சிறுவராக இருந்த 1960களில் என் தாத்தாவும் பாட்டியும் செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்தில் அத்தாப்பு வீட்டில் இருந்தார்கள். தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை செய்தார். பாட்டி ஐந்து ஆடுகள் வளர்த்தார். பின்புறம் ஒரு சீனர் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். காவலுக்கு ஒரு கறுப்பு நாய். ஒரு விடியற்காலையில் அந்நாய் பாட்டியின் சினையாட்டைக் கடித்துக் கொன்றுவிட்டது.

சீனர் வந்து பார்த்தார். நாய் இதற்குமுன் இப்படிச் செய்ததே இல்லை, தமக்கு எதுவும் தெரியாது என்றார். பாட்டி கத்தினார். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி சந்தை மலாய் ஒன்றுதான். கோபத்தில் அதுவும் வரவில்லையாம். கடைசியில் கம்பத்துத் தலைவராக இருந்த மலாய்ப் பெரியவரிடம் போனார்கள். நாயைத் தொடாதவர் அவர். சற்று விலகி நின்றே அதைப் பார்த்தார். பிறகு சீனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போன மாதம் என் கோழியைத் துரத்தியதற்கு இதைப் பிரம்பால் அடித்தாயே, எதற்காக அடித்தாய்?"

சீனர் பதில் சொல்லவில்லை. ஆட்டின் விலையை மூன்று தவணையில் கொடுப்பதென்று முடிவாயிற்று. இலண்டன் நீதிபதிகள் கேட்ட அதே கேள்வியை அவர் கேட்டிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. ஒரு வேறுபாடு, அண்டை வீட்டாருக்குத் தெரியும் என்பது கம்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பாட்டிக்கு மனம் ஆறவில்லை. வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மூன்றாம் தவணை முடிந்த பின்னும் சீனர் சில மாதங்கள் கங்கோங் கீரைக் கட்டை வேலியில் செருகிவிட்டுப் போவார். பாட்டி எடுத்துச் சமைப்பார், நன்றி சொன்னதில்லை. அந்நாய் அன்று முதல் சங்கிலியில். இரவெல்லாம் அது ஊளையிட்டு அழுததைக் கேட்கப் பொறுக்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் மீன் முள்ளும் சோறும் வேலிக்கு மேல் வீசியவரும் பாட்டிதான்.

1980களில் கம்பம் கலைந்து ஈசூன் அடுக்குமாடிக்கு வந்துவிட்டார்கள். ஆடும் இல்லை, வேலியும் இல்லை. இன்று அண்டை வீட்டார் சச்சரவுக்கு 1998இல் தொடங்கிய சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 20,000 வெள்ளி வரை கோரத்தக்க நடுவர் மன்றமும் இருக்கிறது. அண்டை வீட்டு விலங்கு நம் வீட்டுக்குள் நுழைவதும் அச்சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. நம் வீவக வீடுகளில் வழக்கு பெரும்பாலும் குரைப்பதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

வாக்களித்தபடி நேற்று வகுப்பில் இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். எஷ்னுன்னா என்னும் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கேள்வி கேட்ட மாணவன், அப்படியென்றால் அரசர் இளவரசனிடம் "உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டிருப்பார் என்றான். வீட்டுப்பாடத்தை எழுதாமல் "எனக்குத் தெரியாது ஆசிரியை" என்று அடிக்கடி சொல்பவனும் அவனேதான். முதல் வரிசைச் சிறுமி மட்டும் வேறொன்று கேட்டாள்.

"உங்கள் பாட்டி அந்த நாய்க்கு என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் இன்றிரவு கேட்க வேண்டும்.